தென்காசியிலிருந்து தென்காசிக்கு

ஆனி பிறந்து சாரல் இறங்கிவிட்டால், தென்காசிப் பெரிய கோயிலின் கோபுர வாசலைக் கடப்பது லேசான காரியமல்ல. கோபுரம் கிழக்கே பார்த்து நிற்கிறது. காற்றோ மேற்கே ஆரியங்காவுக் கணவாயில் புகுந்து வருகிறது. வாசலைத் தாண்டிக் கால் வைத்ததும் முகத்தில் அறையும். அர்ச்சனைத் தட்டைக் கையால் மூடிக்கொள்ள வேண்டும், வேட்டியை இன்னொரு கையால் பிடித்துக்கொள்ள வேண்டும். அப்படி ஒரு ஞாயிற்றுக்கிழமை விடிகாலை ஐந்தரை மணிக்கு அந்த வாசலிலிருந்து நடக்கத் தொடங்கினேன். மேலகரம் வழியாகக் குற்றாலம், அங்கிருந்து ஐந்தருவி, பிறகு இலஞ்சி, கடைசியில் மறுபடியும் அதே கோபுர வாசல். மொத்தம் 15 முதல் 18 கிலோமீட்டருக்குள் வரும். நின்று நின்று போனதில் ஐந்து மணி நேரம் ஆயிற்று.

ஏன் போனேன் என்றால், இந்தச் சுற்றை நடப்பதற்கென்றே ஒரு பாதையாக ஆக்க வேண்டும் என்று பல வருடமாக எண்ணி வருகிறேன். எழுதுவதற்கு முன் ஒரு முறை முழுதாகக் காலால் அளந்துவிட வேண்டும் என்று தோன்றியது.

ரத வீதிகளில் சிரமமே இல்லை. தேருக்காக விட்ட அகலம் அந்த நேரத்தில் நடக்கிறவனுக்குக் கிடைக்கிறது. வாசல் தெளித்துக்கொண்டிருந்தார்கள்; பால்காரர்கள் தவிர வண்டி இல்லை. யானைப்பாலம் வரை அப்படியே. பாலத்தில் நின்று குனிந்து பார்த்தால் சிற்றாறு ஓடுகிறது. மேலே திரிகூட மலையில் பிறந்து, பேரருவியாக விழுந்து, இந்த ஊரைத் தொட்டு, சீவலப்பேரியில் தாமிரபரணியோடு சேரப் போகிற ஆறு. படித்துறையில் இரண்டு பேர் குளித்துக்கொண்டிருந்தார்கள். கொஞ்சம் தள்ளி ஊர்ச் சாக்கடை ஆற்றில் இறங்கிக்கொண்டிருந்தது. ஆற்றங்கரையோடு நடந்து மேற்கே போக முடியுமா என்று பார்த்தேன். நாலு எட்டு வைத்ததும் சீமைக்கருவேலும் குப்பையும். சாலைக்கே திரும்பினேன்.

அங்கிருந்துதான் தொல்லை. மேலகரம் தாண்டிக் காசிமேஜர்புரம் வரை சாலையின் வெள்ளைக் கோடு முடிகிற இடத்தில் ஓர் அடி மண், அதற்கப்பால் ஓடை, ஓடை மேல் அங்கங்கே பலகைக்கல், அதிலும் சில உடைந்தவை. ஏழு மணிக்கெல்லாம் வெளியூர் வேன்களும் கார்களும் அருவிக்கு விரையத் தொடங்கிவிட்டன. ஒரு வேனின் பக்கக் கண்ணாடி என் தோளை உரசிக்கொண்டு போனது. ஓட்டியவர் அதை உணர்ந்திருக்கவே மாட்டார். நான் ஓடைப் பக்கம் ஒதுங்கி, ஒரு வேப்பமரத்தைப் பிடித்துக்கொண்டு சற்று நேரம் நின்றேன். பின்னாலேயே வந்த ஆட்டோ நின்றது.

“நடந்தா போறிய அண்ணாச்சி? ஏறுங்க, குத்தாலத்துல விட்டுட்டுப் போறேன். துட்டெல்லாம் வேண்டாம்.”

நடக்கத்தான் வந்தேன் என்று சொன்னேன். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, “ஓரமா போங்க, சீசன் டைம்” என்று சொல்லிப் போனார். அன்பான மனிதர். ஆனால் அந்தச் சொல்லில்தான் எல்லாம் இருக்கிறது. ஓரமாகப் போ என்று சொல்லலாம், போவதற்கு ஓரம் எங்கே?

மேலகரம் திரிகூடராசப்பக் கவிராயரின் ஊர். அவருடைய குற்றாலக் குறவஞ்சியில் வருகிற சிங்கி நாடெல்லாம் நடந்து குறி சொன்னவள். அவளைத் தேடிச் சிங்கனும் நடந்தே அலைகிறான். நடந்து திரிந்தவர்களைக் கதை மாந்தராக்கிய ஊரில், இன்று ஒரு பள்ளிப் பிள்ளை தனியாக ஒரு கிலோமீட்டர் நடந்து போவதற்குப் பெற்றவர்கள் பயப்படுகிறார்கள்.

குற்றாலத்துக்குள் நுழைந்தால் சாரல் நம்மை நனைக்கும் முன்பே மணம் வந்துவிடும். எண்ணெய் மணம், நேந்திரங்காய் சிப்ஸ் பொரிகிற மணம், மங்குஸ்தான் கூடைகளின் ஈரம். சங்கு வடிவில் கட்டிய குற்றாலநாதர் கோயிலைத் தாண்டி, கூட்டத்தில் நீந்தி, சித்திரசபைப் பக்கம் போனேன். நடராசருடைய ஐந்து சபைகளில் ஒன்று. பேரருவியில் ஆயிரம் பேர் நின்றால் இங்கே பத்துப் பேர்கூட இல்லை. குளத்தைச் சுற்றி ஒரு வட்டம் நடந்தேன். அருவிக்கு வந்தவர்கள் அடுத்த தெருவில் இருக்கிற இதைப் பார்க்காமல் திரும்புவதற்குக் காரணம், அவர்கள் வண்டியிலிருந்து இறங்கி அருவிக்குப் போய், அருவியிலிருந்து வண்டிக்குத் திரும்புவதுதான். நடக்கிறவர் கண்ணுக்கு மட்டும் அகப்படுகிற இடங்கள் இந்த ஊரில் நிறைய.

ஐந்தருவிச் சாலையில் பெரிய மருத மரங்கள் நிழல் விரிக்கின்றன. படகு விடுகிற வெண்ணமடைக் குளம் அந்த வழியில்தான். அந்தக் கரையில் ஏறி நடந்த சில நிமிடம்தான் அன்றைக்கு நான் திரும்பிப் பார்க்காமல் நடந்த நேரம். முதுகுக்குப் பின்னால் என்ன வருகிறது என்ற கவலை இல்லாமல் நடப்பது எப்படியிருக்கும் என்பதே எனக்கு மறந்து போயிருந்தது. ஒரு நீர்க்காகம் கல் மேல் உட்கார்ந்து சிறகை விரித்துக் காய வைத்துக்கொண்டிருந்தது. வெயிலே இல்லை, ஆனாலும் பொறுமையாகக் காத்திருந்தது. புல்லறுத்துக் கட்டிக்கொண்டிருந்த அம்மா ஒருவர், “தண்ணி நல்லா வந்திருக்கு இந்தத் தடவ” என்றார், நான் கேட்காமலே. சாலையோரத்தில் யாரும் யாரிடமும் இப்படிப் பேச முடியாது, ஹாரன் விடாது.

ஐந்தருவிக்கு அருகே தோட்டக்கலைத் துறையின் சுற்றுச்சூழல் பூங்கா இருக்கிறது. அழகான பூங்கா, உள்ளே நடைபாதைகளும் நன்றாகவே இருக்கின்றன. சீட்டு வாங்கி உள்ளே போய் நடக்கலாம். வாசலுக்கு வெளியே வந்ததும் பாதை அறுந்துவிடுகிறது, மறுபடியும் வண்டிகளுக்கு நடுவே நிற்கிறோம். குளக்கரை ஒரு துண்டு, பூங்கா ஒரு துண்டு, சித்திரசபைக் குளம் ஒரு துண்டு, ரத வீதி ஒரு துண்டு. துண்டுகள் எல்லாம் நம்மிடம் இருக்கின்றன, கோக்கிற நூல்தான் இல்லை.

பிறகு கிழக்கே இறங்கினால் இலஞ்சி. வயலும் தென்னையும், பின்னால் மேகம் போர்த்திய மலையும். சினிமாக்காரர்கள் தேடி வருகிற காட்சி. குமாரர் கோயிலில் சற்று உட்கார்ந்துவிட்டுத் தென்காசிக்குத் திரும்பினேன்.

*

நடப்பதற்கென்று அரசு எதுவுமே செய்யவில்லை என்று சொல்ல மாட்டேன். ‘நடப்போம் நலம் பெறுவோம்’ திட்டம் 2023 நவம்பர் 4-ஆம் தேதி தொடங்கப்பட்டது. 38 மாவட்டங்களிலும் 8 கிலோமீட்டர் நீளத்துக்கு ஒவ்வொரு நடைபாதை. 8 கிலோமீட்டர் என்பது ஏறத்தாழ 10,000 எட்டு. டோக்கியோவில் இருக்கிற இப்படியொரு பாதையைப் பார்த்து வந்த யோசனை. சர்க்கரை நோயும் ரத்த அழுத்தமும் வீட்டுக்கு வீடு புகுந்துவிட்ட காலத்தில் ஒரு சுகாதாரத் துறை, மாத்திரையோடு நிற்காமல் நடையைப் பற்றி யோசித்தது மெச்சத் தக்கது. ஆனால் இருக்கிற சாலையை அளந்து, பலகை நட்டு, கிலோமீட்டர் எழுதிவிட்டால் அது நடைபாதை ஆகிவிடாது. நடக்கச் சொல்வது எளிது. நடக்கிறவன் வீட்டுக்குத் திரும்பி வர வழி செய்வதுதான் அரசின் வேலை. 2022-ல் மட்டும் இந்தியச் சாலைகளில் நடந்து சென்றவர்களில் 32,825 பேர் இறந்தார்கள் என்கிறது மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் கணக்கு. ஒரு நாளைக்கு ஏறக்குறைய 90 பேர். இவர்கள் வேகமாக ஓட்டியவர்கள் அல்லர், நடந்தவர்கள்.

இதைச் சட்டமும் கவனித்திருக்கிறது. சாலைப் பாதுகாப்புக்காகக் கோவை எலும்பு மருத்துவர் எஸ். ராஜசேகரன் தொடுத்து நெடுங்காலமாக நடந்து வரும் வழக்கில், நடைபாதையில் நடக்கும் உரிமை அரசியலமைப்பின் 21-ஆவது கூறு தருகிற வாழ்வுரிமையில் அடங்கும் என்று 2025 மே மாதம் உச்ச நீதிமன்றம் சொன்னது. மாற்றுத் திறனாளிகளும் பயன்படுத்தும்படி அவை இருக்க வேண்டும் என்றும் சொன்னது. ஆகவே இது பூங்கா கேட்கிற ஆசை மட்டுமல்ல, உரிமை கேட்பதும்கூட.

இனி, சுற்றுப் பாதை எதற்கு, நேர்ப்பாதை போதாதா என்று கேட்பவர்கள் உண்டு. நேர்ப்பாதையில் போனால் பாதி தூரத்தில் திரும்பும் கணக்கு மனத்தில் வந்துவிடும். பஸ் எப்போது என்று கண் கடிகாரத்தைப் பார்க்கும். சுற்றில் அது இல்லை. ஒவ்வொரு எட்டும் வீட்டை நோக்கியதுதான். இதை நம்மவர்களுக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. வலம் வருவது நமக்குப் பிறவிப் பழக்கம். இதே தென்காசி மாவட்டத்தில், சங்கரன்கோவிலில் ஆடித்தபசுக்குக் கொடியேறிவிட்டால் கோயிலைச் சுற்றி ‘ஆடிச்சுற்று’ சுற்றுகிறவர்களைப் பாருங்கள். நூற்றுக்கணக்கான சுற்று நேர்ந்துகொண்டு, விரலால் எண்ணிக்கொண்டு நடக்கிற பாட்டிமார்கள். திருவண்ணாமலையில் 14 கிலோமீட்டர். பௌர்ணமிக்குப் பௌர்ணமி லட்சக்கணக்கானவர்கள் செருப்பில்லாமல் நடக்கிறார்கள். அங்கே தனி நடைபாதை, விளக்கு, குடிநீர், கழிப்பறை எல்லாம் அமைந்தன. அந்தச் சாலையை அகலப்படுத்த மரங்களை வெட்டியபோது பசுமைத் தீர்ப்பாயம் தலையிட வேண்டியும் வந்தது. பழநியில் உயர் நீதிமன்ற மதுரைக் கிளையின் உத்தரவால் 2024-ல் கிரிவலப் பாதையில் தனியார் வாகனங்கள் தடுக்கப்பட்டன. நடக்க முடியாதவர்களுக்கு மின்கல வண்டி விட்டார்கள். வண்டி போகக் கூடாத ஒரு சுற்றுப் பாதை தமிழ்நாட்டில் நடக்காது என்று இனி யாரும் சொல்ல முடியாது.

பக்தி இருக்கிற இடத்தில் செய்ய முடிந்ததைப் பக்தி இல்லாமலும் செய்யலாம் என்பதற்குச் சிங்கப்பூர் சாட்சி. நம் பக்கத்துப் பிள்ளைகள் அங்கே நிறையப் பேர் இருக்கிறார்கள். ஊருக்கு வந்தால் முதலில் சொல்வது அந்த நடைபாதைகளைத்தான். 1990-களில் தொடங்கி, பூங்காவையும் பூங்காவையும் இணைக்கிற பாதைகளை 300 கிலோமீட்டருக்கு மேல் நீட்டியிருக்கிறார்கள். தீவு முழுவதையும் சுற்றி வர 150 கிலோமீட்டர் வழி ஒன்றும் அமைத்து வருகிறார்கள். அடிக்கு அடி விலை பேசுகிற அந்த ஊரில் நிலம் எங்கிருந்து வந்தது? மழைநீர்க் கால்வாய்களின் ஓரம். கால்வாயைப் பராமரிக்க விட்டு வைத்த துண்டு நிலத்தில் பாதை போட்டார்கள்.

தென்காசிக்காரனுக்கு இதைக் கேட்டதும் பளிச்சென்று ஒன்று தோன்ற வேண்டும். நம்மிடம் இருப்பதெல்லாம் வாய்க்கால்தானே. சிற்றாற்றிலிருந்தும் ஐந்தருவி ஓடையிலிருந்தும் பிரிந்து, குளத்திலிருந்து குளத்துக்குப் போகிற கால்கள். ஒவ்வொன்றுக்கும் கரை உண்டு. அந்தக் கரைகளில் மடை திறக்கப் போனவர்களும் வயலுக்குக் கஞ்சி கொண்டுபோனவர்களும் தலைமுறை தலைமுறையாக நடந்திருக்கிறார்கள். அவை புறம்போக்கு, யாரிடமும் விலைக்கு வாங்க வேண்டாம். ஆக்கிரமிப்பை எடுத்து, கரையைப் பலப்படுத்தினால் பாதையும் கிடைக்கும், குளத்துக்குத் தண்ணீரும் சேரும்.

அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் ஓம்ஸ்டெட் என்ற நிலவடிவமைப்பாளர் 1870-களின் கடைசியில் தொடங்கி அமைத்த பூங்கா வரிசை 7 மைல் நீளம். மரகத மாலை என்றே பெயர். அதன் முதல் கண்ணி பூங்காவாகப் பிறக்கவில்லை. சாக்கடை தேங்கி நாறிய சதுப்பு நிலத்தையும் வெள்ளத்தையும் ஒழுங்குபடுத்தும் பொறியியல் வேலையாகத்தான் ஆரம்பித்தது. யானைப்பாலத்தில் நின்று சிற்றாற்றைப் பார்த்தபோது எனக்கு அதுதான் நினைவுக்கு வந்தது. ஆற்றில் சாக்கடை இறங்குகிற வரை அந்தக் கரையில் யார் நடப்பார்கள்? பாதை போடுவதாக இருந்தால் சாக்கடையைத் திருப்பியே ஆக வேண்டும். அழகுபடுத்தும் பணி என்று கோப்பில் எழுதினால் பத்து வருடம் கிடக்கும். கழிவுநீர்ப் பணியோடு சேர்த்து எழுதினால் நகரும் என்று நம்புகிறேன்.

ஒரு எச்சரிக்கையும் சொல்ல வேண்டும். ‘பாதை’ என்றதும் நம் ஊரில் பேவர் பிளாக் ஏற்றிய லாரி வந்து நின்றுவிடும். மரத்தின் அடிவரை கல்லை நெருக்கிப் பதித்து, மேலே சிமென்டைப் பூசி, வேர் மூச்சுத் திணறிச் சாகும்படி விட்டுவிடுவார்கள். நான் கேட்பது அதுவல்ல. ஊருக்குள் வருகிற பகுதியில் கல் தளம் இருக்கட்டும். சக்கர நாற்காலியும் குழந்தை வண்டியும் போக வேண்டும். இந்தியச் சாலைக் காங்கிரஸின் வரையறைப்படி தடையில்லாத அகலம் குறைந்தது 1.8 மீட்டர், விளிம்பின் உயரம் 15 சென்டிமீட்டருக்கு மேல் போகக் கூடாது. நம் ஊர் நடைமேடைகளில் ஏறப் பாட்டிமார்களுக்கு இரண்டு பேர் கை கொடுக்க வேண்டியிருப்பதை நினைத்தால் இந்த 15 சென்டிமீட்டரின் அருமை தெரியும். குளக்கரையிலும் வாய்க்கால் கரையிலும் இறுக்கிய செம்மண்ணும் சரளையும் போதும். மரத்தைச் சுற்றி மூன்றடி மண்ணைத் தொடக் கூடாது. மருதும் நாவலும் புங்கும் இலுப்பையும் வைக்கலாம். இந்த மண்ணில் தானாக வருகிறவை. திருநெல்வேலி–தென்காசிச் சாலையை நான்கு வழியாக்கியபோது வெட்டுண்ட மரங்களின் நிழலில் நடந்து வளர்ந்தவர்களுக்கு இழப்பு என்ன என்று தெரியும். சாலையோர மரத்தை மங்கம்மாள் வைத்தது என்று சொல்கிற வழக்கம் தென்பாண்டிச் சீமையில் இன்னும் போகவில்லை. முந்நூறு வருடத்துக்கு முந்தைய ஒரு ராணியை மக்கள் நிழலால் நினைவு வைத்திருக்கிறார்கள்.

இன்னொன்று, பாதை மலையேறக் கூடாது. மேலே இருக்கிற செண்பகாதேவி அருவிக்கும் தேனருவிக்கும் தளம் போட்டுக் கொண்டுபோகலாமே என்று யாராவது கிளம்புவார்கள். அது காடு, விலங்குகளின் இடம். கீழே சமவெளியில் நமக்குப் போதிய இடம் இருக்கிறது. அருவியும் ஓடையும் நம் விருப்பப்படி நடந்துகொள்பவை அல்ல. 2024 மே 17-ஆம் தேதி பழைய குற்றாலத்தில் திடீர் வெள்ளம் வந்து ஒரு பதினேழு வயதுப் பையனைக் கொண்டுபோனதை இந்த மாவட்டம் மறக்க முடியாது. ஓடையைக் கடக்கிற இடமெல்லாம் பாதை உயர்ந்து போக வேண்டும், மலையில் மழை என்றால் மூட வேண்டும், மூடினால் மாற்று வழி இருக்க வேண்டும்.

குற்றாலத்துக்கு இதுவரை செலவழித்ததெல்லாம் பெரும்பாலும் வந்து போகிறவர்களுக்காக. அவர்கள் வரட்டும், ஊரே அதில் பிழைக்கிறது. ஆனி, ஆடி, ஆவணி ஒரு சீசன். கார்த்திகை முதல் தை வரை ஐயப்ப சாமிமார்கள். மாசியிலிருந்து வைகாசி வரை பாறைதான் தெரியும், கடைகள் பாதி மூடியிருக்கும். அப்போதும் இங்கே மக்கள் இருக்கிறார்கள். அருவி விருந்தாளிகளுக்கு என்றால், இந்தப் பாதை ஊர்க்காரர்களுக்கு. காலையில் வேலைக்குப் போகிற பெண்கள், பள்ளிப் பிள்ளைகள், தைப்பூசத்துக்குத் திருச்செந்தூர் நடக்கிறவர்கள். இந்தப் பாதயாத்திரைக்காரர்கள் முதுகில் போலீஸார் ஒட்டிவிடுகிற ஒளிரும் ஸ்டிக்கரோடு இருட்டில் லாரிகளுக்கு ஓரமாகப் போவதைப் பார்க்கும்போதெல்லாம் வயிற்றைக் கலக்குகிறது.

இதைச் செய்ய வேண்டிய இடங்கள் ஒன்றல்ல. தென்காசி நகராட்சி, மேலகரம், குற்றாலம், இலஞ்சிப் பேரூராட்சிகள், நடுவில் ஊராட்சி. கரை நீர்வளத் துறையிடம், சாலை நெடுஞ்சாலைத் துறையிடம், பூங்கா தோட்டக்கலைத் துறையிடம், கோயில் நிலம் அறநிலையத் துறையிடம், மலையடிவாரம் வனத் துறையிடம். ஆட்சியர் ஒருவர் எல்லாரையும் ஒரு மேசையில் உட்கார வைத்தால்தான் நடக்கும். தென்காசி தனி மாவட்டமானது 2019 நவம்பர் 22-ஆம் தேதி. அதே மாதம்தான் சென்னையில் பாண்டி பஜாரின் நடைபாதை வளாகமும் திறக்கப்பட்டது. தலைநகரின் ஒரு கடைத்தெருவுக்குக் கிடைத்த கவனம் ஒரு புது மாவட்டத்துக்கும் கிடைக்கலாம். முழுச் சுற்றும் ஒரே நாளில் வர வேண்டாம். வெண்ணமடைக் கரையிலிருந்து சுற்றுச்சூழல் பூங்கா வாசல் வரை முதலில் கோத்துக் காட்டட்டும்.

கட்டிவிட்டுப் போவதல்ல பெரிது. இதே பெரிய கோயிலைக் கட்டிய பராக்கிரம பாண்டியன், பின்னால் இதற்குக் குறை வந்தால் அதைச் சரிசெய்து காப்பவர்களின் காலில் விழுந்து பணிவதாகக் கல்லில் வெட்டி வைத்திருக்கிறான். பதினைந்தாம் நூற்றாண்டில் ஒரு மன்னன், தான் பார்க்கப் போகாத பராமரிப்பாளர்களைக் கும்பிட்டிருக்கிறான். அந்தக் கோயிலின் கோபுரம் பிளந்து, மொட்டையாக நின்று, 1990-ல் மறுபடி எழுந்ததைப் பார்த்த தலைமுறை இன்னும் ஊரில் இருக்கிறது. பூங்கா திறந்த ஆறாம் மாதம் ஊஞ்சல் அறுந்து, குழாய் உடைந்து கிடப்பதைப் பார்க்கும்போது அந்தக் கல்வெட்டு நினைவுக்கு வரும். பாதைக்குப் பணம் ஒதுக்குகிறவர்கள் பெருக்குகிறவருக்கும் மரத்துக்குத் தண்ணீர் விடுகிறவருக்கும் சேர்த்து ஒதுக்க வேண்டும், வருடா வருடம்.

அன்றைக்கு வீட்டுக்கு வந்ததும் அம்மா கேட்டார், “எந்த வழியா போயிட்டு வந்த?” சொன்னேன். அம்மாவுக்கு 74 வயது. முன்பெல்லாம் வெள்ளிக்கிழமை தவறாமல் கோயிலுக்கு நடந்து போனவர். இருசக்கர வண்டி ஒன்று இடிக்கப் பார்த்ததிலிருந்து போவதில்லை. “நடுவுல உக்கார எங்கயாவது இடம் இருக்கா?” என்று கேட்டார். யோசித்துப் பார்த்தேன். எங்கள் வீட்டிலிருந்து யானைப்பாலம் வரை ஒன்றுகூட இல்லை.

அடுத்த ஞாயிறு அவரை ஆட்டோவில் வெண்ணமடைக் கரைக்குக் கூட்டிப் போனேன். மெல்லிய தூறல். என் கையைப் பிடித்துக்கொண்டு கரையின் கோடிவரை நடந்தார். திரும்பி வந்ததும் ஆட்டோக்காரர் வண்டியை உசுப்பினார். அம்மா என் கையை விட்டுவிட்டு, “கொஞ்சம் பொறுங்க தம்பி” என்று சொல்லி, தனியாக இன்னொரு தடவை நடக்கப் போனார்.